மஹியா பயணக் குறிப்புகள்: கடலில் விழுந்த ராக்கெட்

ஏப்ரல் 30, 2022, சனி. ஆக்லாந்திலிருந்து நேப்பியர்

மூன்றாவது முறையாக விடுப்புக் கேட்டபோது மேலாளரே சிரித்துவிட்டார். நியூசிலாந்தின் மஹியா தீபகற்பத்திலிருந்து ராக்கெட் லேப் நிறுவனம் ஏவும் எலெக்ட்ரான் ராக்கெட்டைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஏப்ரல் முழுக்க இந்த ராக்கெட்டின் தேதி தள்ளிக்கொண்டே போனது. மேலே அனுப்ப மட்டும் என்றால் ஏவுதளத்தில் வானம் தெளிந்தால் போதும். இம்முறை கடலுக்கு மேல், கரையிலிருந்து 150 கடல் மைல் தள்ளி, ஹெலிகாப்டர் ஒன்று காத்திருந்து, கீழே வரும் ராக்கெட்டைப் பிடிக்கப் போகிறது. அங்கேயும் காற்று அடங்க வேண்டும், மேகம் விலக வேண்டும்.

கூட வந்தவர் மனைவியின் தாய்மாமா. தூத்துக்குடி துறைமுகத்தில் பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். இங்கே வந்த பிறகு படகுப் பட்டறை ஒன்றில் வின்ச், கிரேன் பழுது பார்க்கிறார். ராக்கெட் பார்க்கப் போகலாம் மாமா என்றபோது அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. "ஹெலிகாப்டர்ல கொக்கி போட்டுப் பிடிக்கிறாங்களாம்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆடுற லோடையா? அதைப் பாக்கணுமே மாப்ள."

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அத்தை கட்டிக் கொடுத்த புளியோதரையை டவுபோ ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல குளிர். எதிர்க்கரை மலை மேகத்துக்குள் இருந்தது. ஏரி வாத்துகள் எங்களைச் சுற்றி வந்து நின்றன. பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதி, என்ன சாதம் இது, இவ்வளவு மணக்கிறது என்று கேட்டார்கள். மாமா ஒரு காகிதத் தட்டில் இரண்டு கரண்டி வைத்துக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா வறுத்த கடலையை மட்டும் முதலில் பொறுக்கித் தின்று, கண்ணை மூடித் தலையாட்டினார்.

டவுபோவிலிருந்து நேப்பியர் வரும் மலைச்சாலையில் சரியான மழை. பெட்ரோல் லிட்டர் மூன்று டாலரை உரசிக்கொண்டிருக்கிறது. அரசு வரியில் 25 சென்ட் குறைத்த பிறகும் இப்படித்தான்.

நேப்பியரில் இரவு தங்கல். இந்த ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு வில்லியம் கொலென்சோ ஞாபகம் வரும். பாதிரியாராக வந்து இந்தப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1836 வாக்கில் இவர் வடக்கே வாங்கரேய் பக்கம் போனபோது, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அது பாத்திரம் இல்லை, ஒரு கப்பல் மணியின் உடைந்த மேல்பாகம். அதில் இருந்த எழுத்து தமிழ் எழுத்து! முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. பெரிய மரம் ஒன்று சாய்ந்தபோது வேருக்கடியில் கிடைத்ததாகச் சொன்னார்களாம். எந்தக் கப்பல், எப்படி இங்கே வந்தது என்பது யாருக்கும் தெரியாது. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெண்கலம்ங்கறதால தப்பிச்சிருக்கு மாப்ள. இரும்பா இருந்தா கடல் எப்பவோ தின்னிருக்கும்" என்றார்.

மே 1, ஞாயிறு. நேப்பியரிலிருந்து மஹியா

நேப்பியரிலிருந்து வைரோவா 118 கிலோமீட்டர்தான். நாங்கள் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. வளைவு மேல் வளைவு, நடுநடுவே சாலைப் பணி. மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தபோது ஒரு கல் தெறித்து, முன்கண்ணாடியில் பத்து சென்ட் காசு அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. சாலைப் பணியில் கொடி பிடித்து நின்ற பையன் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். அவன் வண்டியிலிருந்து ஒட்டும் டேப் எடுத்து வெளிப்பக்கம் ஒட்டி, "தூசி உள்ளே போகாது ப்ரோ, அப்புறம் ஒட்டுறவனுக்கு வேலை சுலபம்" என்றான். காசு கொடுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வழியில் மோஹாகா ஆற்றின் மேல் நிற்கும் ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்தினோம். 95 மீட்டர் உயரம். 1937-இல் கட்டி முடித்தது. எஃகுக் கால்கள் பள்ளத்திலிருந்து எழுந்து நிற்பதை மாமா கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக எண்ணினார். எந்தக் கிரேனும் எட்டாத இடத்தில் எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று அடுத்த முப்பது கிலோமீட்டருக்கு அதே பேச்சு.

வைரோவாவில் ஆற்றங்கரையில் ஆஸ்லர்ஸ் பேக்கரி. இந்த வழியில் போகிறவர்கள் பை சாப்பிடாமல் போவதில்லை. நான் மாட்டிறைச்சி, சீஸ் போட்டது எடுத்தேன், மாமா கோழி. தாளைப் பிரித்ததும் ஆவி மூக்கில் அடித்தது. முதல் கடியிலேயே மாமாவின் சட்டையில் குழம்பு வழிந்தது. கடைப்பெண் கேட்காமலே ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பை, இரண்டு காபி, இருபத்திரண்டு டாலர்.

பேக்கரிக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஊருக்கு நடுவில் இது எதற்கு என்று பார்த்தால், மஹியாவின் தென்முனையில் உள்ள போர்ட்லண்ட் தீவில் முன்பு நின்றதாம். மரத்தால் கட்டியது. வேலை முடிந்ததும் எரித்துப் போடாமல் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

நூஹாகா தாண்டியதும் வேலி ஓரம் ஒரு சின்ன மரப்பெட்டி. ஃபீஜோவாப் பழம், பை இரண்டு டாலர், காசை டப்பாவில் போடவும் என்று அட்டை. ஆள் கிடையாது. மாமாவிடம் ஐந்து டாலர் நோட்டுத்தான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு இரண்டு பை எடுத்துக்கொண்டார். ஒரு டாலர் அவர்களுக்கு. கொய்யா இனம்தான், வாசம் மட்டும் வேறு. காருக்குள் முழுக்க அந்த மணம்தான்.

மஹியா கடற்கரையில் வாடகைக்கு எடுத்த வீடு இரவுக்கு 170 டாலர். ஹீட்டர் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பியும் இரவு வரை பதில் இல்லை. இரண்டு கம்பளியும் ஜாக்கெட்டுமாகப் படுத்திருக்கிறேன். அலைச் சத்தம் தலைமாட்டில் கேட்கிறது.

மே 2, திங்கள். காத்திருப்பு

நாளை காலை பத்தரைக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று வேறு வேலை இல்லை.

ஏவுதளம் இங்கிருந்து தெற்கே, தீபகற்பத்தின் கடைசி முனையில், ஒனெனூய் என்ற பெரிய ஆட்டுப் பண்ணை நிலத்தில் இருக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ராக்கெட் லேப் அதை 2016-இல் திறந்தது. 2017 மே மாதம் முதல் ஏவல், சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2018 ஜனவரியில் இரண்டாவது ஏவலிலேயே எட்டிவிட்டார்கள். நாளை போவது 26-வது எலெக்ட்ரான். 18 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம். கார்பன் இழையால் ஆன உடம்பு. அடியில் ஒன்பது எஞ்சின்கள். இந்த நாட்டில் பிறந்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் பெயரை அந்த எஞ்சினுக்கு வைத்திருக்கிறார்கள். அதன் பம்புகளை மின்மோட்டார் சுழற்றுகிறது, பேட்டரியில் ஓடுகிறது. முக்கியமான பாகங்கள் முப்பரிமாண அச்சில் வார்த்தவை.

மாமாவுக்கு இதை எல்லாம் காலைத் தேநீரோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "மேல எத்தனை பேர் போறாங்க?"

ஆள் இல்லை மாமா, 34 செயற்கைக்கோள். ஷேர் ஆட்டோதான். அதில் 24, ரொட்டித் துண்டு அளவுக்குத்தான் இருக்கும். எங்கோ காட்டிலும் கடலிலும் கிடக்கும் கருவிகளிடமிருந்து சின்னச் சின்னச் செய்திகளை வாங்கிக் கொடுக்கும். பின்லாந்துக்காரர்களுடையது ஒன்று, விண்வெளிக் குப்பையைக் குறைக்கும் வழியைச் சோதிக்கப் போகிறது. பிரான்சுக்காரர்களுடையது ஒன்று, கடலில் போகும் கப்பல்களை அவற்றின் ரேடியோ அலையை வைத்தே கண்டுபிடிக்கும். ஆக்லாந்துப் பிள்ளைகளுடையதும் ஒன்று உண்டு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஆட்டோ போகும் ரோட்டில்தான் இறங்க முடியும். அது போல இந்த 34-க்கும் ஒரே ரோடு, 520 கிலோமீட்டர் உயரம்.

இப்படிச் சேர்ந்து போவது நமக்குப் புதிது இல்லை. 2017 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 போனது. 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் 143 அனுப்பி அதைத் தாண்டியது. அந்த 143-ஐத் தூக்கிய அடிக்கட்டத்துக்கு, அதாவது முதலில் எரிந்து மேலே தள்ளிவிட்டுப் பிரியும் கீழ்ப்பகுதிக்கு, அது ஐந்தாவது பயணம். முந்தைய வருடம் இரண்டு விண்வெளி வீரர்களைச் சுமந்ததும் அதேதான். வேலை முடித்துவிட்டு அது அட்லாண்டிக் கடலில் மிதக்கும் மேடையில் காலை ஊன்றி இறங்கியது. அப்படி இறங்க எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும். எலெக்ட்ரான் சின்ன ராக்கெட். அதனால் மிச்சம் பிடித்தால் சுமைக்கு இடம் இருக்காது. ஆகவே பாராசூட். பாராசூட் என்றால் கடல்.

2020 நவம்பரில் முதல்முறை பாராசூட்டில் இறக்கிக் கடலிலிருந்து தூக்கினார்கள்.  அடுத்த வருடம் இன்னும் இரண்டு முறை. இப்போது, தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே ஹெலிகாப்டரில் பிடித்துவிட்டால் என்ன என்று பார்க்கிறார்கள். உப்புத் தண்ணீர் படாமல் இருந்தால் துடைத்து மறுபடி ஏற்றலாம் அல்லவா? நிறுவனர் பீட்டர் பெக் முன்பெல்லாம், எங்கள் ராக்கெட்டை மறுபடி பயன்படுத்தும் பேச்சே இல்லை, அப்படிச் செய்தால் தொப்பியைத் தின்கிறேன் என்றவர். மனம் மாறியதும், போன வருடம் கேமரா முன்னால் ஒரு தொப்பியை அரைத்து நிஜமாகவே வாயில் போட்டார். சொன்ன சொல்லுக்கு நின்ற மனிதர் என்று எனக்கு அவர் மேல் அன்றிலிருந்து மரியாதை.

மத்தியானம் படகு இறக்கும் இடத்துக்கு நடந்தோம். இங்கே டிராக்டரில் படகைக் கட்டிக் கடலுக்குள் தள்ளுகிறார்கள். துருப்பிடித்த பழைய டிராக்டர்கள், டயர் பாதி வரை தண்ணீரில் இறங்கி நிற்கும். அப்போதுதான் கரையேறிய ஒரு மாவோரி ஐயா, "கியோரா" என்று வணக்கம் சொல்லிவிட்டு, முதல் வேலையாக ரப்பர் குழாயை வெளி எஞ்சினில் மாட்டினார். மீனைக்கூட இன்னும் இறக்கவில்லை. நல்ல தண்ணீர் எஞ்சினுக்குள் போய், பக்கவாட்டுத் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வந்தது. விரலை அந்த நீரில் நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டார். மறுபடி நனைத்து, நாக்கில் வைத்தார். இம்முறை துப்பவில்லை. குழாயை மூடினார்.

மாமா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "நாங்களும் இப்படித்தான் மாப்ள. எங்க மேஸ்திரி உப்பு போயிடுச்சான்னு நாக்குலதான் பாப்பாரு."

இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவின் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் வேறு வேறு. எஞ்சின் பெயர்கள் ஒன்றுதான். ராக்கெட் ஏவும் நாளில் இந்தக் கடல் பக்கம் படகு போகக் கூடாது என்று தடை வரும், தேதி தள்ளிப் போனால் பிழைப்பும் தள்ளிப் போகும் என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. தன் பேத்தி பள்ளியில் ராக்கெட் செய்கிறாள் என்றும் அடுத்த மூச்சிலேயே சொன்னார். மோகோ என்ற ஓங்கில் (டால்பின்) ஒன்று இந்தக் கடற்கரையில்தான் இருந்தது, 2008-இல் கரை ஒதுங்கிய இரண்டு திமிங்கிலங்களை அது ஆழத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப் போனது என்று கடலைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மனிதர்கள் நாலைந்து முறை தள்ளிப் பார்த்தும் மணல் திட்டில் வந்து வந்து மாட்டிய திமிங்கிலங்கள் அவை.

கிளம்பும்போது ஒரு கஹவாய் மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுத்தார். பதிலுக்கு எங்களிடம் இருந்தது ஃபீஜோவா ஒரு பைதான். வாங்கி மோந்து பார்த்து, "இது என் தங்கச்சி மரத்துப் பழம் போலிருக்கு" என்றார்.

இரவு மீன் குழம்பு. மாமா புளியும் மசாலாவும் ஆக்லாந்திலிருந்தே கொண்டுவந்திருந்தார். கஹவாய் கொஞ்சம் கறுத்த சதை, கெட்டி. இங்குள்ளவர்கள் பெரும்பாலும் புகை போட்டுத் தின்பார்களாம். புளிக் குழம்பில் அது உடையாமல் நின்றது, நாளைக்கு இன்னும் நன்றாக இருக்கும். ஹீட்டரை மாமாவே கழற்றிச் சரி செய்துவிட்டார். ஃபியூஸ்.

மே 3, செவ்வாய். அந்த நாள்

ஐந்தரைக்கே எழுந்துவிட்டோம். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. பழைய குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, வளைகுடாவின் இந்தப் பக்கம், நூஹாகாவுக்கு அருகே ப்ளக்ஸ் பிட் சாலைக்கு வண்டியை விட்டோம். அங்கிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் தீபகற்பம் முழுக்க நீட்டிப் படுத்திருக்கும். ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள். மடக்கு நாற்காலி, தெர்மாஸ், நாய்கள். ஒரு குடும்பம் கேஸ் அடுப்பில் மாவோரிப் பொரித்த ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது. வாசனைக்கு நாங்கள் திரும்பிப் பார்த்ததுமே தட்டு வந்துவிட்டது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் தடவி. நம் ஊர் பன்னுக்கும் பூரிக்கும் நடுவில் ஒரு ருசி.

10:49. முதலில் மலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். மலை விளிம்பில் வெள்ளைப் புள்ளி எழுந்தது. சத்தம் இல்லை. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். ராக்கெட் நல்ல உயரம் போய்த் தெற்கே சாய ஆரம்பித்த பிறகுதான், ஒரு நிமிடத்துக்கும் மேலாகி, உறுமல் வந்து சேர்ந்தது. காதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்டது. நாய்கள் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. அடுப்பு வைத்திருந்த குடும்பத்தின் பாட்டி கையைத் தூக்கி ஏதோ மாவோரியில் சொல்லி அனுப்பிவைத்தார். அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. வழியனுப்பும் குரலுக்கு அர்த்தம் கேட்க வேண்டுமா?

இரண்டரை நிமிடத்தில் அடிக்கட்டம் பிரிந்துவிட்டது. மேல்கட்டம் 34 பேரையும் கூட்டிக்கொண்டு போனது. கூட்டத்தில் பாதிப் பேர் நாற்காலியை மடக்கினார்கள். எங்களுக்கு இனிமேல்தான் ஆரம்பம்.

கைபேசியில் நேரலை ஓடியது. சிக்னல் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. மாமாவும் நானும் ஒரு பையனும் அவன் அம்மாவும் கார் முன்பக்கத்தில் கைபேசியை வைத்துக் குனிந்து நின்றோம். அடிக்கட்டம் மணிக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கீழே வருகிறது. அதைச் சுற்றிக் காற்று இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. 13 கிலோமீட்டர் உயரத்தில் சின்னப் பாராசூட் விரிய வேண்டும், 6 கிலோமீட்டரில் பெரியது. இரண்டும் விரிந்தன. இப்போது நொடிக்குப் பத்து மீட்டர்தான். ஒரு டன்னுக்குப் பக்கமாக எடையுள்ள ஒரு குழாய், எதிரில் கடல், குறுக்கே சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டர். அதன் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு கயிறு, முனையில் கொக்கி. பாராசூட்டின் கயிற்றில் அந்தக் கொக்கியை மாட்ட வேண்டும். ஏவியதிலிருந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

படம் உறைந்துவிட்டது. பையன் கைபேசியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். திரும்ப ஓட ஆரம்பித்தபோது, ஹெலிகாப்டரின் கீழே கேமராவில் பாராசூட் தெரிந்தது, கொக்கி அதை நோக்கி இறங்கியது. பட்டது. இழுத்தது. மாட்டிக்கொண்டது! கட்டுப்பாட்டு அறையில் கத்தினார்கள், நாங்களும் கத்தினோம், பையனின் அம்மா மாமாவைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

மாமா மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இருங்க இருங்க. வெட்டு விழுது பாருங்க" என்றார். துறைமுகத்தில் தளர்ந்த கயிறு சட்டென்று விறைக்கும்போது லோடு ஒரு உதறு உதறும், அதைத்தான் வெட்டு என்கிறார். அடுத்த சில நொடியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த சத்தம் மாறியது. ஒரே மூச்சில் எல்லோரும் ஏமாந்தால் வரும் சத்தம். மாமா மெதுவாக, "ஆரியா" என்றார். கிரேன்காரர்கள் இறக்கு என்பதற்குச் சொல்லும் சொல்.

பிறகு சொன்னார்கள்: பிடித்தது உண்மை, சுமார் 6,500 அடி உயரத்தில். ஆனால் ஒத்திகையில் பழகிய சுமைக்கும் இதற்கும் தன்மை வேறாக இருந்ததை விமானி உணர்ந்து, கழற்றி விட்டுவிட்டார். பாராசூட்டோடு அது கடலில் மெதுவாக இறங்கியது. பக்கத்தில் காத்திருந்த கப்பல் அதை மேலே ஏற்றிக்கொண்டது. 34 செயற்கைக்கோள்களும் சரியாகப் போய்ச் சேர்ந்தன.

பையன் அழுகிற நிலையில் இருந்தான். மாமா அவன் முன்னால் உட்கார்ந்து, ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து, தண்ணீர் பாட்டிலை அதில் கட்டி ஆட்டிக் காட்டினார். கையைக் கொஞ்சம் உயர்த்தினால் பாட்டில் ஒரு பக்கம், கை மறுபக்கம். இதோ, இப்போது உன் கையையும் சேர்த்து இழுக்கிறது பார், இந்த நேரம் பிடியை விடுகிறவன்தான் நல்ல டிரைவர் என்றார். தப்பான ஆங்கிலம்தான், பையனுக்கு முழுக்கப் புரிந்தது. "ஹெலிகாப்டர்ல எத்தனை உசுரு இருக்கு? ராக்கெட் அடுத்த மாசம் இன்னொண்ணு செய்யலாம்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். கிரேன் வாழ்க்கையில் இரண்டு முறை அப்படிக் கழற்றிவிட்டிருக்கிறாராம். ஒன்று உர மூட்டை. இன்னொன்று என்ன என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கடற்கரையில் மீனும் சிப்ஸும் வாங்கினோம். 19 டாலர், இரண்டு பேருக்கு மேலேயே இருந்தது. அதே ஐயா டிராக்டரில் போய்க்கொண்டிருந்தவர் நிறுத்தி, "கடலில் விழுந்ததாமே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ கழுவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 4, புதன். திரும்பும் வழி

மழை திரும்ப வந்துவிட்டது. நேப்பியரில் கண்ணாடிக் கீறலை ஒட்டிக்கொண்டோம், 90 டாலர். டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, யார் ஒட்டியது, நல்ல வேலை என்றார் கடைக்காரர். அந்தப் பையனுக்குச் சொல்ல முடியாமல் போனதே என்று இருந்தது.

வழியெல்லாம் பேச்சு அந்த ஒன்பது எஞ்சின்களைப் பற்றித்தான். நான் நம்பிக்கையாக இருந்தேன். மாமா விடுவதாக இல்லை. சூடான எஞ்சின் நேராகக் கடலுக்குள் போயிருக்கிறது. உலோகத் துளைக்குள் புகுந்த உப்பு அடுத்த நாளே தன் வேலையைக் காட்டிவிடும். மின்மோட்டார், கம்பிச் சுற்று, இணைப்பு எல்லாம் இருக்கிறது. "நல்லாப் புடிச்சாங்க, நல்லா விட்டாங்க. எல்லாம் சரி. அந்த எஞ்சின் இனி ஷோகேஸுக்குத்தான் மாப்ள. நான் எழுதித் தரேன்."

டவுபோ ஏரிக்கரையில் அதே மேசை. இம்முறை எங்களிடம் ஃபீஜோவா மட்டும்தான் மிச்சம். பாதியாக வெட்டிக் கரண்டியால் சுரண்டித் தின்றோம். வீடு சேர இரவு எட்டே முக்கால்.

செப்டம்பர் 2, 2022

நான்கு மாதம் கழித்து இந்தப் பதிவில் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது.

மே 3 அன்று கடலில் விழுந்த அந்த அடிக்கட்டத்தின் எஞ்சின் ஒன்றை எடுத்து, சோதனை மேடையில் மாட்டி, மறுபடி எரித்திருக்கிறார்கள். 200 விநாடி எரிந்திருக்கிறது. அணைத்து அணைத்துப் பலமுறை பற்ற வைத்திருக்கிறார்கள். பற்றிய ஒரு விநாடிக்குள் முழு உந்துவிசை, 21 கிலோநியூட்டன். புது எஞ்சினுக்கு வைக்கும் அதே சோதனையில் தேறியிருக்கிறது.

செய்தியைப் படித்ததும் மாமாவைக் கூப்பிட்டேன். பட்டறையில் இருந்தார், பின்னால் கிரைண்டர் சத்தம். எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவர் யாரையோ அதட்டிக் கிரைண்டரை நிறுத்தச் சொன்னார்.

"எத்தனை விநாடி?"

"இருநூறு, மாமா."

"அதே எஞ்சினா? நாம பாத்தமே, அன்னிக்கு விழுந்ததா?"

"அதேதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எப்படிக் கழுவினாங்கன்னு போட்டிருக்கா மாப்ள?" என்று கேட்டார். அது போடவில்லை என்றேன். "அதை எங்கயாவது போட்டாங்கன்னா எனக்கு அனுப்புங்க" என்றார்.